லாட் ஐந்தில் ஒரு திருத்தம்

எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து எனக்குக் கூட்டாளியாகிப்போன முருகேசனுக்கு,

நலமா என்று உங்களைக் கேட்கக் கூடாதுதான். கேட்காமல் ஒரு கடிதத்தைத் தொடங்க எனக்குக் கை வரவில்லை. நலம்தானே மாப்பிள்ளை?

முதலில் நல்ல செய்தி. உங்கள் மச்சான் பொன்னுசாமி ஒரு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படித்துவிட்டான். முந்நூற்றுப் பதினெட்டுப் பக்கம், ஒரே மூச்சில். அந்த மூச்சு மூன்று வாரம் ஓடியது, அது வேறு விஷயம். ஏழாம் வகுப்பில் வாத்தியார் என்னைக் கைகழுவிய நாளிலிருந்து பஸ் போர்டையும் பார்சல் முகவரியையும் தவிர நான் எதையும் முடிவு வரைக்கும் படித்ததில்லை. உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியும். ஊரில் எல்லாரும் நான் பெரிய படிப்பாளி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டில்தான் படிப்பேன் என்று சொல்லிவந்த நான் கம்பெனி பஸ்ஸில் புத்தகத்தைத் திறந்ததைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு டிரைவர் நஞ்சப்பா சும்மா இருப்பாரா?

"பொன்னண்ணா, நீவு புஸ்தகா ஓதுத்தீரா? இவத்து மளே கேரண்டி!" என்றார். கன்னடத்தில், நான் புத்தகம் படித்தால் இன்றைக்கு மழை நிச்சயமாம். சூளகிரி தாண்டியதும் தூறல் போட்டது மாப்பிள்ளை. நான் பெருமைக்குச் சொல்லவில்லை. போட்டது.

என்ன புத்தகம் என்று கேட்கிறீர்களா? உங்கள் கடைசிப் புத்தகம்தான். அந்த உளவாளிக் கதை.

இந்தக் கடிதத்தை நீங்கள் மட்டும் படிக்கப்போவதில்லை. பஸ்ஸில் புதிதாகச் சேர்ந்தவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காகப் பழைய கதை கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணகிரியில் கிளம்பி மூக்கண்டப்பள்ளிக்குப் போகிற எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஐம்பது பேர். புத்தகம் வாங்குகிறவர் ஒருவர், நீங்கள். ஒரு புத்தகத்தை ஐம்பது பேர் வரிசையாகப் படித்தால் கடைசி ஆளுக்குப் பேரன் பிறந்துவிடுவான். அதனால் நீங்கள் ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். வேறு எந்த ஊரிலும், வெள்ளைக்காரன் தேசத்தில்கூட இப்படிச் செய்திருக்க மாட்டார்கள். புத்தகத்தின் முதுகைப் பிளந்து ஐந்து கட்டாகப் பிரித்தீர்கள். ஒவ்வொரு கட்டையும் டேப் போட்டு ஒட்டி, நம் ஆலையில் பாகங்களுக்குக் கட்டுகிற மாதிரியே லாட் ஒன்று, லாட் இரண்டு என்று டேக் கட்டினீர்கள். ஒன்றை முடித்தவர் பக்கத்து சீட்டுக்குத் தள்ளிவிட்டு அடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும்.

தரம் பார்க்கும் மேஜையில் இருபது வருஷம் உட்கார்ந்தவர் இல்லையா, சட்டமும் போட்டீர்கள். படித்தவர் படிக்காதவரிடம் முடிவைச் சொல்லக் கூடாது. கண் ஜாடைகூடக் காட்டக் கூடாது. லாட் ஐந்தை, முதல் நான்கும் பஸ்ஸைச் சுற்றி வந்த பிறகுதான் வெளியே விட வேண்டும், நீங்களே அதற்கு முன் தொட மாட்டீர்கள். ஒரு ஷிப்டிலிருந்து இன்னொரு ஷிப்டுக்கு லாட்டைக் கொண்டுபோகும் பொறுப்பு, சரக்கு அனுப்புகிற டெஸ்பாட்ச்சில் இருக்கிற எனக்கு. நான் படிக்க மாட்டேன். ஆனால் ஒவ்வொருவர் வாயையும் கிளறி, துண்டு துண்டாகக் கதையை வாங்கி, அதில் நாலு சண்டையும் இரண்டு கல்யாணமும் சேர்த்து டீக்கடையில் சொல்வேன். எழுதினவன் கேட்டிருந்தால் என் காலில் விழுந்திருப்பான்.

அந்த உளவாளிக் கதை ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய புத்தகக் குவியலில் உங்களுக்குக் கிடைத்தது. "இந்த ஆள் பேரை நான் கேள்விப்பட்டதே இல்ல மச்சான். ஆனா மொதப் பக்கத்துலயே கழுத்தப் புடிக்கிறான்" என்றீர்கள். நீங்களே கேள்விப்படாத எழுத்தாளர் என்றால் அவரை அவர் பெண்டாட்டியும் கேள்விப்பட்டிருக்க மாட்டார் என்று நான் சொன்னேன். பஸ் சிரித்தது.

கதை இதுதான். சங்கரன் என்று ஓர் உளவாளி. எதிரி நாட்டில் பனி கொட்டுகிற ஒரு நகரத்தில் வேறு பெயரில் பதினோரு வருஷமாகக் கடிகாரம் ரிப்பேர் செய்கிறான். ஊரில் அவன் மனைவிக்கும் மகளுக்கும் அவன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாது. அலுவலகத்தில் யாரோ ஒருவர் அவனைக் காட்டிக்கொடுக்கிறார். சந்தேகம் மூன்று பேர் மேல். மேலதிகாரி, டைப் அடிக்கிற பெண், அப்புறம் சங்கரனே அங்கே வேலை வாங்கிக் கொடுத்த தாமோதரன். இந்தத் தாமோதரன் சங்கரனுக்கு மச்சான், மனைவியின் அண்ணன். லாட் நான்கு முடியும்போது சங்கரன் எல்லைப் பாலத்தின் நடுவில் நிற்கிறான். சிப்பாய் கேட்கிறான், உன் பெயர் என்ன?

நமக்கு எல்லை என்றால் அத்திப்பள்ளி தாண்டி கர்நாடகத்தில் ஒரு காபி குடித்துவிட்டு வருவது. அந்தப் பாலத்தில் நின்றபோதோ பஸ்ஸே மூச்சு விடவில்லை.

அப்புறம்தான் லாட் ஐந்து காணாமல் போனது.

எப்படிப் போனது என்று இதுவரைக்கும் நான் சரியாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் திருடு போனது என்றேன், காற்றில் பறந்தது என்றேன், ஒரு தடவை நாய் கவ்விக்கொண்டு போனது என்றுகூடச் சொன்னேன். நடந்தது இது. லாட் ஐந்துக்கு நீங்கள் சிவப்பு டேக் கட்டியிருந்தீர்கள், கதை உச்சத்துக்கு வருகிற இடம் என்று. நான் அதை உங்கள் மேஜையில் வைத்துவிட்டு, இன்றைக்கு லாட் ஐந்து வெளியே வருகிறது என்று ஊருக்கெல்லாம் அறிவிக்க டீ குடிக்கப் போனேன். நம் ஆலையில் சிவப்பு டேக் என்றால் கழித்த பொருள். சிவப்பு டேக் கட்டியதை யாரும் கேள்வி கேட்காமல் எடுத்துப்போய்க் கழிவில் கொட்ட வேண்டும், அதுவும் நீங்கள் போட்ட சட்டம். துப்புரவு செய்கிற அம்மா சட்டத்தை மதித்தார். நான் திரும்பி வந்தபோது கழிவு லாரி கேட்டைத் தாண்டிவிட்டது.

"மச்சான், லாட் அஞ்சு எங்க?" என்று நீங்கள் கேட்டீர்கள்.

அந்த இடத்தில் என் வாய் என்னைக் கேட்காமல் பேசியது. "காணாமப் போச்சுங்க மாப்ள. ஆனா கவலப்படாதீங்க, நான் நேத்தே படிச்சு முடிச்சுட்டேன்."

என் படிப்பு தெரிந்த நீங்களும் நம்பின மாதிரிதான் தலையாட்டினீர்கள். பஸ் முழுக்க என்னைப் பிடித்துக்கொண்டது. சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று. நான் உங்கள் சட்டத்துக்குள் போய் ஒளிந்துகொண்டேன். "லாட் படிக்காதவங்களுக்கு முடிவச் சொல்லக் கூடாது. மாப்ள போட்ட ரூல். உசுரு போனாலும் மீற மாட்டேன்." எல்லாரும் என் நேர்மையைப் பார்த்து வியந்தார்கள். நானும் கொஞ்சம் வியந்தேன். வேறு பிரதி தேடினோம், பேர் தெரியாத ஆசாமியின் புத்தகம் எந்தக் கடையிலும் இல்லை.

அப்புறம் உங்கள் உடம்பு. சர்க்கரை முதலில் கண்ணைத் தொட்டது, பிறகு சிறுநீரகத்தை. ஒரு மயிரிழைக் கீறலை வெறும் கண்ணால் பிடிக்கிற மனுஷனுக்கு எதிரில் நிற்பவர் முகம் தெரியவில்லை. சூளகிரி வீட்டில் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிட்டீர்கள்.

"மச்சான், இனி நான் எந்த லாட்டும் படிக்கப்போறதில்ல. எனக்கு ரூல் கிடையாது. சொல்லுங்க, என்னாதான் ஆச்சு?"

நான் என்ன செய்வேன்? படிக்கவில்லை என்று அப்போது சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? இன்னும் என்னை நானே கேட்கிறேன்.

நாலு ஞாயிற்றுக்கிழமை சொன்னேன் மாப்பிள்ளை. சங்கரன் தன் உண்மைப் பெயரைப் பாலம் அதிரச் சொல்கிறான். அந்தச் சிப்பாயின் அம்மாவுக்கு முன்னே ஒரு நாள் காசு வாங்காமல் கடிகாரம் சரிசெய்து கொடுத்திருக்கிறான், அதனால் சிப்பாய் வழிவிடுகிறான். ஜீப்பு துரத்துகிறது. வளைவு வளைவாக மலைப்பாதை. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டே கேட்டீர்கள், "ஏன் மச்சான், வெளிநாட்டுல ரோடு அப்பிடியே ராயக்கோட்டை ரோடு மாதிரியே இருக்குதே?"

"எல்லா நாட்டுலயும் வளைவு வளைவுதானுங்க மாப்ள."

உங்கள் உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பா? இருமலா? எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது ஞாயிறு நீங்கள் ஒன்று சொன்னீர்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

"மச்சான், காட்டிக்குடுத்தது அந்த மச்சான்தான். தாமோதரன்."

எனக்குச் சுருக்கென்றது. "எதுக்குங்க அவன் மேல பழி?"

"லாட் நாலுல அவன் தங்கச்சிகிட்ட, 'மாப்ள பனியில நடந்து பழக்கமில்லாதவரு, பாவம்'னு சொல்றான். சங்கரன் எந்த ஊர்ல இருக்கான்னு ஆபீஸ்ல யாரும் அவன்கிட்ட சொல்லவேயில்லையே. பனி பெய்யுதுன்னு அவனுக்கு யாரு சொன்னது?"

"மச்சான்னா பாசத்துல தெரிஞ்சிருக்கும்ங்க."

பக்கத்தில் உட்கார்ந்து உங்களுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த உங்கள் மகள் கயல் சிரித்துவிட்டாள். நான் விடவில்லை. எந்த ஊரில் மச்சான் காட்டிக்கொடுப்பான்? கடைசி ஞாயிறு, மேலதிகாரியைக் கையும் களவுமாகப் பிடிக்க வைத்தேன். தாமோதரன் தங்கம், அவன்தான் ஜீப்பில் வந்து மாப்பிள்ளையைக் காப்பாற்றினான் என்றேன். சங்கரன் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். மகள் திறந்து, யார் நீங்க என்கிறாள். "உங்க வீட்டுக் கடிகாரம் சரியா ஓடுதான்னு பாக்க வந்தேம்மா" என்கிறான். என் தங்கை பரிமளா அடுப்படியிலிருந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அந்த இடம் நன்றாக அமைந்தது மாப்பிள்ளை, அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நீங்கள் முகத்தை என் பக்கம் திருப்பினீர்கள். பிறகு, "அப்ப நான் தப்பாத்தான் சொல்லிட்டேனா மச்சான்?" என்றீர்கள்.

"ஆமாங்க மாப்ள. ஒருத்தருக்கு எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்குமா?" என்றேன். என்ன பெருந்தன்மை எனக்கு!

அடுத்த ஞாயிறு நீங்கள் இல்லை.

இப்போது இந்த வருஷத்துக் கதைக்கு வருகிறேன். கயல் உங்கள் மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள். டிப்ளமோ முடித்துவிட்டு நம் ஆலையிலேயே சேர்ந்தாள், நான் சொல்லித்தான் வேலை கிடைத்தது என்று நான் சொல்வதை யாரும் நம்புவதில்லை. போன மாதம் ஒரு லாட் முழுவதையும் நிறுத்திவிட்டாள். மேனேஜர் வந்து கத்துகிறார், வண்டி கிளம்ப வேண்டும் என்கிறார். இவள் அளவு பார்க்கிற கேஜை அவர் கையில் கொடுத்து, "நீங்களே அளந்து பாருங்க சார்" என்றாள். அளந்தார். வாயை மூடிக்கொண்டு போனார். நான் டெஸ்பாட்ச்சில் நின்று பார்த்தேன். காலியான வண்டியைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட டெஸ்பாட்ச்காரன் இந்தத் தொழிற்பேட்டையிலேயே நான்தான்.

உங்கள் முதல் வருஷ நினைவு நாளுக்குப் பத்து நாள் முன்பு கயல் என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"மாமா! அப்பாவோட கடைசி புக்கு கெடச்சிருச்சு! சேலத்துல ஒருத்தர்கிட்ட இருந்துச்சு, கூரியர்ல அனுப்பிட்டாரு. அப்பா மாதிரியே அஞ்சு லாட்டாப் போட்டு பஸ்ல விடலாம். நீங்கதான் பிரிச்சுக் கட்டித் தரணும். லாட் அஞ்ச எனக்குத்தான் மொதல்ல தரணும், சொல்லிட்டேன்."

புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். அவள் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து நான் சொன்ன முடிவைக் கேட்டவள். லாட் ஐந்தைத் திறந்தால் தெரிந்துவிடும், அவள் அப்பாவின் கடைசி நாட்களில் மாமா சொன்னது புளுகு என்று. புத்தகத்தைப் பிரித்தேன், கட்டினேன். ஐந்தாவது கட்டு என் கையில். இன்னொரு தடவை காணாமல் போக வைக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நாய்க்கா பஞ்சம்?

ஆனால் எனக்கும் தெரிய வேண்டியிருந்தது மாப்பிள்ளை. அந்தப் பாலத்தில் என்னதான் நடந்தது? ஐந்தாவதை மட்டும் படித்தால் ஒன்றும் விளங்கவில்லை. முதலிலிருந்து தொடங்கினேன். விரல் வைத்துப் படித்தேன். உதடு அசைத்துப் படித்தேன். நினைவு நாள் வந்து போனது, ஆயிரம் பேர் சாப்பிட்டார்கள், சரி, இருநூறு. கயல் தினமும் லாட் எங்கே என்று கேட்டாள். "டேப் காயணும் கண்ணு" என்று மூன்று வாரம் ஓட்டினேன். அவள் வேறு ஷிப்ட் பஸ்ஸில் வந்ததால் நான் படித்தது அவள் கண்ணில் படவில்லை.

கடைசியில் என்ன தெரியுமா? சிப்பாய் பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுக்கிறான். சங்கரனின் கல்யாணப் படம். ஓர் ஓரம் கத்தரியால் வெட்டியிருக்கிறது. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்ற ஆளை வெட்டிவிட்டார்கள், ஆனால் சங்கரன் தோளில் அந்த ஆளின் கை மட்டும் மிச்சம் இருக்கிறது. யார் கை? கல்யாணத்தில் மாப்பிள்ளை தோளில் கை போட்டுக்கொண்டு யார் நிற்பான்?

"அடப் பாவி!" என்று நான் பஸ்ஸில் கத்தினேன். நஞ்சப்பா பிரேக் போட்டுவிட்டார்.

சங்கரன் தாடியும் நரையுமாக இருப்பதால் சிப்பாய்க்கு அடையாளம் தெரியவில்லை. சங்கரன் பொய்ப் பெயரையே சொல்கிறான். பாலத்தைத் தாண்டாமல் திரும்பிப் போகிறான். வீட்டுக்குப் போனால் மனைவிக்குத் தெரிந்துவிடும், தன் அண்ணன்தான் தன் புருஷனை விற்றான் என்று. அது அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று பனியில் திரும்பி நடக்கிறான். அவ்வளவுதான். கதை முடிந்தது. பேர் தெரியாத அந்த ஆள் இப்படி எழுதிவிட்டு எங்கே போய்த் தூங்கினானோ!

நான் அழுதது சங்கரனுக்காக மட்டும் இல்லை. நீங்கள் சொன்னது சரி மாப்பிள்ளை. கண் தெரியாமல், படுத்தபடுக்கையில், ஒரே ஒரு வரியை வைத்து நீங்கள் குறையைப் பிடித்துவிட்டீர்கள். நான் அதைத் தப்பு என்று சொல்லி உங்களை அனுப்பிவைத்தேன்.

அடுத்த நாள் காலையில் எங்கள் ஷிப்டுக்கு மாறி வந்த கயல் கையில் லாட் ஐந்தைக் கொடுத்தேன். சூளகிரி தாண்டியதும் படிக்கத் தொடங்கினாள். நான் இரண்டு சீட் பின்னால் உட்கார்ந்து அவள் பின்தலையையே பார்த்துக்கொண்டு வந்தேன். மூக்கண்டப்பள்ளியில் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். அவள் இறங்கவில்லை.

"அப்பா கரெக்டாத்தான சொன்னாரு மாமா?"

"ஆமா கண்ணு."

"நீங்க படிக்கவேயில்ல."

"இல்ல கண்ணு."

"அப்பா தப்பு பண்ணிட்டோம்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாரு."

லாட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். ஒன்பது நாள் அவள் என்னோடு பேசவில்லை. பரிமளாவுக்குக் காரணம் புரியாமல், "என்னாண்ணா, ரெண்டு பேரும் பாகிஸ்தான் பார்டர் மாதிரி நிக்கிறீங்க?" என்று கேட்டாள். அவளிடமும் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் சேர்க்காமல் சொன்னேன். அவள், "அந்தக் கதவத் தட்டுற எடமும் நீ சொன்னதுதானா?" என்றாள். ஆமாம் என்றேன். "அது நல்லா இருந்துச்சுண்ணா" என்றாள். உங்கள் மனைவி, மாப்பிள்ளை!

பத்தாவது நாள் கயல் டெஸ்பாட்ச்சுக்கே வந்தாள். கையில் லாட் ஐந்து. எடுத்தவுடனே கேள்வி.

"மாமா, இன்ஸ்பெக்டர் சரியாச் சொன்னத வேற ஒருத்தர் தப்புன்னு எழுதிட்டா ரெக்கார்டுல என்ன பண்ணணும்?"

இருபத்தைந்து வருஷம் இந்த ஆலையில் இருக்கிறேன், தெரியாதா? "தப்பா எழுதுனவரே ஒரே ஒரு கோடு போட்டு அடிக்கணும். சுரண்டக் கூடாது, மை பூசக் கூடாது. அடிச்சது என்னான்னு படிக்கத் தெரியணும். பக்கத்துல சரியானத எழுதி, காரணம் எழுதி, கையெழுத்துப் போடணும்."

"பண்ணுங்க" என்றாள். லாட்டை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். வாசலில் திரும்பி, "அடிச்சது படிக்கத் தெரியணும் மாமா, மறந்துடாதீங்க. எனக்கும் அந்தக் கதவு வேணும்" என்றாள்.

ஆகவே இந்தக் கடிதம் லாட் ஐந்தின் கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் ஒட்டப்படுகிறது. இங்கே வரைக்கும் வந்தவர் கதையை முடித்தவர், உங்கள் சட்டத்துக்குப் பங்கம் இல்லை. அவர் தெரிந்துகொள்ளட்டும்.

பொன்னுசாமி சொன்ன முடிவு: காட்டிக்கொடுத்தவர் மேலதிகாரி. சங்கரன் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினான். இதன் மேல் ஒரே கோடு போட்டிருக்கிறேன். படிக்கத் தெரியும்.

சரியான முடிவு: காட்டிக்கொடுத்தவன் மச்சான். சங்கரன் வரவில்லை. இதை லாட் நான்கிலேயே கண்டுபிடித்தவர், ஆய்வாளர் முருகேசன்.

திருத்தத்துக்குக் காரணம்: நான் படிக்கவில்லை.

மாப்பிள்ளை, இனிமேல் கதையோடு எதையும் சேர்க்க மாட்டேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்தால் அதுவே அடுத்த புளுகாகிவிடும். அதனால் என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். இந்த லாட்டை முடித்துவிட்டு பஸ்ஸில் யார் என் பக்கம் திரும்பினாலும், முதலில் நீங்கள் பிடித்த அந்தப் பனியைத்தான் சொல்வேன். உங்கள் பெயரைச் சொல்லி, நான் உங்களைத் தோற்கடித்ததையும் சொல்வேன். கடைசி ஆள் படித்து முடிக்கிற வரைக்கும் தினமும் சொல்வேன். அதில் ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது.

கையெழுத்து,
பரிமளாவின் அண்ணன், கயலின் தாய்மாமன், உங்கள் தோளில் கை போட்டு நின்ற மச்சான்
பொன்னுசாமி